மேசைக் கணினியை நாமே பொருத்தக் கற்பது: பழைய பெட்டியிலிருந்து எஸ்.பி. ரோடு வரை

கணினியைத் தம் கையால் பொருத்தக் கற்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் புதிய பாகங்களின் விலைப்பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். எந்தப் பிராசஸர் நல்லது, எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று வாரக்கணக்கில் அலசிவிட்டு, ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளை மேசைமேல் பரப்பிய பிறகுதான் முதன்முதலாகத் திருப்புளியைக் கையில் எடுக்கிறார்கள். எங்கே உடைந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே கவனம் முழுவதும் கரைந்துவிடுவதால், கணினி ஓடத் தொடங்கினாலும் அது ஏன் ஓடுகிறது என்பது பிடிபடுவதில்லை. ஓடாவிட்டால் எங்கே தேடுவது என்பதும் தெரிவதில்லை.

நான் பெங்களூர் அல்சூரில் வசிக்கிறேன், கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன், மின்னணுவியலை எங்கும் படித்ததில்லை. எனக்குப் பயன்பட்ட வரிசையை இங்கே எழுதுகிறேன். முதலில் ஒரு பழைய கணினியை வாங்குவது. அதைப் பலமுறை பிரித்துச் சேர்ப்பது. பிறகு அதில் நாமே வேண்டுமென்று கோளாறுகளை உண்டாக்கி, ஒவ்வொரு கோளாறும் வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்வது. இவ்வளவும் முடிந்த பிறகே, கணினிப் பாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் புதிய பாகங்கள் வாங்கப் போவது.

பழைய பெட்டியில் பயிற்சி

பயிற்சிக்கு வாங்கும் கணினி ஓடும் நிலையில் இருக்க வேண்டும். ஓடாத கணினியைப் பிரித்துச் சேர்த்தால், நாம் சரியாகச் சேர்த்தோமா என்பதை அறியவே வழியில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் நிறுவனத் தயாரிப்புக் கணினிகள் மலிவாகக் கிடைக்கும் என்றாலும், அவற்றுள் பலவற்றில் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் கனெக்டரும், மற்றப் பாகங்கள் இணையும் மதர்போர்டின் வடிவமும் அந்த நிறுவனத்துக்கே உரியவையாக இருப்பதால், அவற்றில் பழகிய கை வேறு கணினியில் தடுமாறும். கடையில் யாரோ அசெம்பிள் செய்து விற்ற சாதாரண டவர் கேபினெட்டே நமக்குத் தேவை. என்னுடையதை 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் இன்டெல் பிராசஸரும், 4 ஜிபி டிடிஆர்3 ரேமும், ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன.

முதல் முறை பிரிக்கும்போது, ஒவ்வொரு கேபிளைக் கழற்றுவதற்கு முன்பும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய திருகாணிகளை எங்கிருந்து கழற்றினோமோ அந்தப் பெயரைத் தாளில் எழுதி அதன்மேல் வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் திருகாணியும் மதர்போர்டின் திருகாணியும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் அவற்றின் மரை வேறாக இருக்கக்கூடும். பிராசஸரின் மேல் அமர்ந்து அதன் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க்கைக் கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். அப்போது இரண்டுக்கும் இடையே பூசிக் காய்ந்த தெர்மல் பேஸ்ட் சற்று இளகும். நேராக மேலே இழுக்காமல், இடமும் வலமுமாக மெல்லத் திருகி விடுவிக்க வேண்டும். ஊசிகள் பிராசஸரின் அடியிலேயே அமைந்த ஏஎம்டியின் ஏஎம்4 போன்ற வகைகளில், அவசரமாக இழுத்தால் பிராசஸரும் ஹீட் சிங்க்கோடு சேர்ந்து சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஊசிகள் வளைவது பெரும்பாலும் இப்படித்தான். பழைய பேஸ்ட்டை எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் நனைத்துத் துடைத்து எடுக்கலாம்.

எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்து, கணினி ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு மறுபடியும் பிரியுங்கள். நான் இதை ஐந்து முறை செய்தேன். மூன்றாவது முறையிலேயே படங்களைப் பார்க்கும் தேவை போய்விட்டது. ரேமை அழுத்தும்போது பக்கவாட்டுக் கொக்கி தானாக மூடிக்கொள்ளும் ஒலி, மதர்போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கனெக்டரின் நாக்கு மதர்போர்டின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும்போது விரலுக்குத் தெரியும் சிறு அதிர்வு ஆகியவை படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை அல்ல. புதிய மதர்போர்டில் ரேமுக்கு எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம் என்ற தயக்கம் இந்தப் பழக்கத்தால்தான் நீங்கும்.

அடுத்தது கோளாறுகளை நாமே உண்டாக்குவது. பயிற்சியின் மிகப் பயனுள்ள பகுதி இதுவே என்று நான் கருதுகிறேன். ஒவ்வொரு முறையும் சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிய பிறகே கையை உள்ளே விட வேண்டும். முதலில் ரேமை முழுவதும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். மதர்போர்டில் சிறு ஸ்பீக்கர் மாட்டியிருந்தால் பெரும்பாலும் பீப் ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும். மின்விசிறி சுற்றும், திரை இருண்டே இருக்கும். ஸ்பீக்கர் இல்லாவிட்டால் ஒன்று வாங்கி மாட்டுங்கள், மிகவும் மலிவானது. அடுத்து ரேமை மாட்டிவிட்டு, பிராசஸருக்கு மட்டும் மின்சாரம் தரும் 4 அல்லது 8 பின் கேபிளைக் கழற்றுங்கள். இப்போதும் பல மதர்போர்டுகளில் மின்விசிறி சுற்றும், திரை இருண்டிருக்கும். ஆனால் பீப் ஒலி வராது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் கேட்டு அறிந்தவருக்கு, பிற்காலத்தில் புதிய கணினியில் படம் வராதபோது எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றினால் என்ன செய்தி வருகிறது, சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரியை எடுத்துவிட்டால் கடிகாரம் எந்தத் தேதிக்குத் திரும்புகிறது, பிராசஸர் மின்விசிறியின் கேபிளைச் சில விநாடிகள் மட்டும் கழற்றி ஓட்டினால் என்ன எச்சரிக்கை தோன்றுகிறது ஆகியவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டு செயல்களை மட்டும் பயிற்சிக்காகக்கூடச் செய்ய வேண்டாம். ஹீட் சிங்க் இல்லாமல் பிராசஸரை ஓட்டக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே கூடாது. அதற்குள் உள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தத்தைத் தாங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் நீடிக்கும்.

வீட்டு எர்த்தைச் சோதிப்பது

பெங்களூரின் பழைய வாடகை வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருந்தும், அதன் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இணைக்கப்படாமல் இருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பார்த்திருக்கிறேன். கேபினெட்டைத் தொட்டால் மெல்லிய கூச்சம்போல் தாக்குவது பெரும்பாலும் இதனால்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலும் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இணைந்திருக்கும்போது அவற்றின் கசிவு மின்சாரம் நிலத்துக்குப் போய்விடும். எர்த் இல்லாதபோது கேபினெட்டின் உலோகம் ஏறத்தாழ 115 வோல்ட்டில், அதாவது வீட்டு மின்னழுத்தத்தில் பாதியில் மிதக்கிறது. மின்சாரத்தின் அளவு மிகக் குறைவு என்பதால் கூச்சத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் உள்ளே மின்கசிவு பெரிதாக ஏற்பட்டால் காப்பாற்ற எதுவுமில்லை.

மல்டிமீட்டரைக் கையாளப் பழகியவர்கள் அதை ஏசி அளவில் வைத்துப் பார்க்கலாம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எண் நிலையில்லாமல் அலைந்தாலோ மிகக் குறைவாக இருந்தாலோ எர்த் இல்லை என்று கொள்ளலாம். சாக்கெட்டில் மீட்டரை விடத் தயங்குகிறவர்கள் தாமாக முயலாமல் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைப்பதே சரி. ஆயிரக்கணக்கில் பாகங்களுக்குச் செலவிடுவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு இது.

எர்த் சரியாக இருந்தால் நிலைமின்சாரத்துக்கும் அதுவே தீர்வாகும். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்று வறண்டு, பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப்பிடியைத் தொட்டாலே சுருக்கென்று தாக்கும். எஸ்எம்பிஎஸ்ஸைக் கேபினெட்டில் பொருத்தி, பிளக்கைச் சொருகி, சுவர் சுவிட்சையும் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்சையும் அணைத்து வைத்தால், மின்சாரம் வராது, எர்த் மட்டும் இணைந்திருக்கும். பாகங்களைத் தொடும் முன் கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகத்தை அவ்வப்போது தொட்டுக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டும் எர்த் பட்டை இருந்தால் இன்னும் நல்லது.

எதை எதனோடு வாங்குவது

பாகங்களைத் தேர்ந்தெடுப்பதில் விலையைவிடப் பொருத்தமே முதன்மையானது. பிராசஸரை முடிவு செய்தால் அது அமரும் சாக்கெட் முடிவாகிவிடும். சாக்கெட் முடிவானால் மதர்போர்டும், அதிலிருந்து ரேமின் வகையும் முடிவாகும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் டிடிஆர்4 மட்டுமே. 2022இல் வந்த ஏஎம்5இல் டிடிஆர்5 மட்டுமே. இன்டெலின் எல்ஜிஏ 1700இல்தான் குழப்பம். அந்த சாக்கெட்டுக்கு டிடிஆர்4 ஏற்கும் மதர்போர்டுகளும் உண்டு, டிடிஆர்5 ஏற்பவையும் உண்டு. சில வேளை இரண்டின் பெயரிலும் வேறுபாடு கடைசி ஓரிரு எழுத்துகளில் மட்டும் இருக்கும். இரண்டு வகை ரேமிலும் 288 தொடுமுனைகள் இருந்தாலும், நடுவே உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றில் நுழையாது. நுழையவில்லை என்றால் அழுத்தத்தைக் கூட்டாமல் அட்டையில் உள்ள எழுத்தைப் படியுங்கள்.

பிராசஸரின் பெயர் முடிவில் உள்ள எழுத்தும் கவனிக்கத் தக்கது. இன்டெல் ஐ5-12400இல் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, 12400எஃப்இல் கிடையாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600இல் கிடையாது, 5600ஜியில் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் எஃப் வகையை வாங்கி வந்து, திரையில் எதுவும் வராமல் இரண்டு நாள் மதர்போர்டைச் சந்தேகப்பட்டவரை எனக்குத் தெரியும். மேலும், பழைய மதர்போர்டில் அதைவிடப் புதிய பிராசஸரை மாட்டும்போது, கணினியை எழுப்பும் மென்பொருளாகப் போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். எல்ஜிஏ 1700இன் முதல் வரிசை மதர்போர்டில் 13ஆம் தலைமுறை பிராசஸரை மாட்டுவதும், ஏஎம்4 சாக்கெட்டுள்ள பழைய பி450 போர்டில் ரைசன் 5000 வரிசையை மாட்டுவதும் இத்தகையவை. கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். பிராசஸர் இல்லாமலே பென் டிரைவ் வழியாகப் புதுப்பிக்கும் வசதியுள்ள மதர்போர்டாக இருந்தால் நாமே செய்யலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸில் சிக்கனம் வேண்டாம். கேபினெட்டோடு சேர்த்துத் தரப்படும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தாலும், பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையில் 12 வோல்ட் தடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால், 12ஐ 18ஆல் பெருக்க 216 வாட்தான் கிடைக்கிறது. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் எடுத்துக்கொள்வது அந்தத் தடத்திலிருந்துதான். கணக்கு எளிது. 65 வாட் என்று குறிப்பிடப்படும் ரைசன் பிராசஸர் முழுச் சுமையில் 88 வாட் வரை எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். மதர்போர்டு, டிஸ்க், மின்விசிறிகளுக்கு 60 வாட் என்று வைத்தால் மொத்தம் 263 வாட். இதற்கு நல்ல தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ் நிம்மதியாகப் போதும். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தை அது சொல்லாது. வாரண்டி எத்தனை ஆண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேபினெட்டின் அளவைப் பொறுத்தவரை, முழு ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. பெரிய கேபினெட்டில் சிறிய போர்டு பொருந்தும், மாறாகப் பொருந்தாது. கிராபிக்ஸ் கார்டின் நீளத்தையும் பிராசஸர் கூலரின் (ஹீட் சிங்க்கும் விசிறியும் சேர்ந்தது) உயரத்தையும் கேபினெட்டின் விவரத்தாளோடு ஒப்பிட்டுக்கொண்டால் போதும்.

எஸ்.பி. ரோட்டில்

சாதர் பத்ரப்பா சாலை என்ற முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை, எஸ்.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் சிக்பேட்டை நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் அடைத்திருக்கும். கன்னடம், இந்தி, தமிழ் மூன்றும் அந்தச் சந்துகளில் கலந்தே ஒலிக்கின்றன. கன்னடத்தில் நான்கு சொற்கள் தெரிந்திருந்தால் பேச்சு இணக்கமாகும். ‘ஜிஎஸ்டி பில் கொடி’ என்றால் பில் கொடுங்கள் என்று பொருள். அந்தத் தொடரை அவசியம் கற்றுக்கொள்ளுங்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று சிலர் சொல்வார்கள். பாகங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் அந்தக் குறைப்பு கவர்ச்சியாகவே இருக்கும். ஆனால் வாரண்டி முழுவதும் பில்லையும் வரிசை எண்ணையும் சார்ந்தது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்கிறதா என்றும், அது பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றும் கடையிலேயே சரிபாருங்கள். பாகங்களின் முழுப்பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு போய், இரண்டு மூன்று கடைகளில் அதே பட்டியலுக்கு விலை கேட்பதே நல்ல முறை. ‘இது இல்லை, அதே மாதிரி வேறொன்று இருக்கிறது’ என்று கடைக்காரர் சொன்னால், உடனே சம்மதிக்காமல் வெளியே வந்து அதன் விவரத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகலாம். அங்கே யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை.

ஊசிகள் சாக்கெட்டிலேயே இருக்கும் எல்ஜிஏ 1700, ஏஎம்5 போன்ற மதர்போர்டை வாங்கும்போது பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லி, சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கடைக்காரர் கையாலேயே எடுக்கச் செய்து, கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்து ஊசிகளைப் பாருங்கள். எல்லா ஊசிகளும் ஒரே திசையில் ஒளியைத் திருப்பினால் சரி. ஓரிடத்தில் மட்டும் ஒளி சிதறினால் அங்கே ஓர் ஊசி வளைந்திருக்கிறது. வளைந்த ஊசிக்கு வாரண்டி கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகு அது யாரால் வளைந்தது என்று நிறுவ முடியாது.

மேசைமேல் முதல் ஓட்டம்

புதிய பாகங்கள் வந்ததும் அவற்றை நேராகக் கேபினெட்டுக்குள் பொருத்திவிட வேண்டாம். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றை மட்டும் இணைத்து முதலில் ஓட்டிப் பாருங்கள். போர்டைச் சுற்றி வந்த வெள்ளி நிறப் பையின் மேல் வைத்து ஓட்டக் கூடாது. அதன் மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது.

பிராசஸரின் மூலையில் உள்ள சிறு முக்கோணத்தை சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு பொருத்தி, விரலால் அழுத்தாமல் வெறுமனே வைக்க வேண்டும். எல்ஜிஏ 1700, ஏஎம்5 போன்ற சாக்கெட்டுகளில் நெம்புகோலை இறக்கும்போது கணிசமான விசை தேவைப்படும், நெரிபடுவதுபோல் மெல்லிய ஒலியும் கேட்கும், இரண்டும் இயல்பானவை. நெம்புகோலை இறக்கும்போது பிளாஸ்டிக் மூடி தானாகவே துள்ளி வெளியே வரும். அதைத் தூக்கி எறியாமல் பெட்டியில் வையுங்கள், வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது சாக்கெட்டை மூட அது வேண்டும்.

ரேமை எந்தத் துளையில் மாட்டுவது என்பதை மதர்போர்டின் கையேடு சொல்லும். நான்கு துளைகள் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் முதலில் பயன்படுத்த வேண்டியவை. மதர்போர்டிலேயே நேராக மாட்டும் சேமிப்புப் பட்டையான எம்.2 எஸ்எஸ்டியைச் சாய்வாக நுழைத்து, கீழே அழுத்தித் திருகாணியால் பிடிக்க வேண்டும். அதன் மேல் மாட்டும் ஹீட் சிங்க்கின் அடியில் உள்ள பட்டையில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். கூலரின் அடியிலும் அத்தகைய தாள் இருக்கக்கூடும். தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்; கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். திருகாணிகளை ஒரு மூலையில் முழுவதும் இறுக்காமல், எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினால் அழுத்தம் சமமாக விழும். மின்விசிறியின் கேபிளை ‘சிபியு ஃபேன்’ என்று குறித்த இடத்தில்தான் மாட்ட வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 24 பின் கனெக்டரையும், பிராசஸருக்கான 8 பின் கனெக்டரையும் மாட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கனெக்டரும் பார்ப்பதற்கு இதேபோல் இருக்கும், ஆனால் துளைகளின் வடிவம் வேறு; தானாக நுழையாவிட்டால் அது தவறான கனெக்டர். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில், ஒரு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளை வேறொன்றில் மாட்டக் கூடாது. கனெக்டரின் வடிவம் ஒன்றாகவே இருக்கும், சரியாக நுழையும், ஆனால் எந்தத் துளையில் எந்த மின்னழுத்தம் வரும் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிள் ஒன்று போதாமல் போனபோது, அலமாரியில் கிடந்த பழைய கேபிளை எடுத்து மாட்டினேன். சுவிட்சைப் போட்ட ஒரு நொடியில் எஸ்எஸ்டி எரிந்து, அதிலிருந்த என் மகளின் முதல் இரண்டு ஆண்டுப் படங்களும் போயின. அன்றிலிருந்து ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களையும் அதன் பெயரெழுதிய தனிப் பையில் கட்டி வைக்கிறேன்.

போர்டின் ஓரத்தில் ‘பவர் சுவிட்ச்’ என்று கையேடு காட்டும் இரண்டு ஊசிகளைத் திருப்புளியின் முனையால் ஒரு கணம் தொட்டால் கணினி எழும். டிடிஆர்5 ரேம் உள்ள கணினி முதல் முறை எழும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள ஓரிரு நிமிடங்கள், சில வேளை அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். திரை இருண்டிருக்கிறதே என்று பதறி அணைத்துவிடாதீர்கள். பெரும்பாலான புதிய போர்டுகளில் பிராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அந்தப் பாகத்தில் தேட வேண்டும். பயாஸ் திரை வந்ததும் ரேமின் அளவையும் பிராசஸரின் வெப்பத்தையும் பாருங்கள். சும்மா இருக்கும் நிலையில் வெப்பம் 80 டிகிரியை நோக்கி ஏறிக்கொண்டே போனால் கூலர் சரியாக அமரவில்லை என்று பொருள்.

கேபினெட்டுக்குள்

மேசைமேல் ஓடிய பிறகு கேபினெட்டில் பொருத்துவது பெரும்பாலும் பொறுமையைக் கேட்கும் வேலைதான். ஸ்டாண்ட்ஆஃப் எனப்படும் பித்தளைத் தாங்கிகள் போர்டின் துளைகள் உள்ள இடங்களில் மட்டும் இருக்க வேண்டும். துளையில்லாத இடத்தில் ஒரு தாங்கி மிச்சமிருந்தால் அது போர்டின் பின்புறத்தை உரசி ஷார்ட் ஆக்கிவிடும். போர்டின் பின்புறத் துளைகளைச் சுற்றி கேபினெட்டில் அமரும் தகடு தனியாக வந்திருந்தால் அதை முதலில் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் முழுவதையும் மறுபடி கழற்ற நேரும். பிராசஸருக்கான 8 பின் கேபிளை மேல் மூலைத் துளை வழியாகப் போர்டை வைக்கும் முன்பே இழுத்து வைத்துக்கொண்டால், பிறகு விரல் நுழையாத இடத்தில் அவதிப்பட வேண்டியதில்லை.

முன்பக்க பட்டன்களின் சிறு கனெக்டர்களில், சுவிட்சுகளை எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். விளக்குகளுக்கு மட்டும் பாசிட்டிவ், நெகட்டிவ் பார்க்க வேண்டும். யுஎஸ்பி 3 கனெக்டரின் ஊசிகள் எளிதில் வளைபவை, நேராக அழுத்துங்கள். மின்விசிறியில் கூண்டுபோல் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம் காற்று வெளியேறும் பக்கம். முன்னால் உள்ளவை காற்றை உள்ளே இழுக்க, பின்னால் உள்ளது வெளியே தள்ள வேண்டும். சாலையோரத்து வீடுகளில் தூசி அதிகம் என்பதால் முன்புற வலையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டு மாட்டியிருந்தால், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாட்டாமல் அந்தக் கார்டில் மாட்ட வேண்டும். படம் வரவில்லை என்று என்னை அழைக்கும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள். அதை இயக்காதவரை ரேம் தன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடாது. இயக்கிய பின் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஓர் இரவு ஓடவிட்டு, ஒரு பிழைகூட வராததை உறுதி செய்துகொள்ளுங்கள். இயங்குதளம் நிறுவுவது இன்று எளிதாகிவிட்டது. பயிற்சிக்கு வாங்கிய பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் பொருத்தமானது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அந்தப் பழைய கணினியில் இருக்காது.

படம் வராதபோது

எதுவுமே எழவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்சிலிருந்து தொடங்குங்கள். பிறகு பவர் ஊசிகளைத் திருப்புளியால் தொட்டுப் பாருங்கள், அப்போது எழுந்தால் கேபினெட்டின் பட்டனில்தான் குறை. ஒரு நொடி எழுந்து உடனே அணைந்தால், போர்டைக் கேபினெட்டிலிருந்து எடுத்து மறுபடி அட்டைப்பெட்டியில் வைத்து ஓட்டுங்கள். அங்கே ஓடினால் ஒரு தாங்கியோ தவறி விழுந்த திருகாணியோ எங்கோ உரசுகிறது. மின்விசிறி சுற்றி, படம் வராவிட்டால், ரேமைக் கழற்றி ஒன்றை மட்டும் இரண்டாவது துளையில் மாட்டுங்கள். 8 பின் கேபிளைப் பிடுங்கி மறுபடி அழுத்துங்கள். வட்ட பேட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்து வைத்து பயாஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டு வாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதையும் அதன் விளைவையும் நோட்டில் எழுத வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றிக் கணினி எழுந்துவிட்டால், எதனால் எழுந்தது என்று தெரியாமல் போகும், அடுத்த வாரம் அதே கோளாறு திரும்பி வரும்போது முதலிலிருந்து தேட நேரும்.

புதிய கணினி ஓடத் தொடங்கிய பிறகும் பழையதை விற்றுவிட வேண்டாம். சந்தேகத்துக்குரிய எஸ்எம்பிஎஸ், சாட்டா டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு எதையும் அதில் மாட்டிச் சோதிக்கலாம் என்பதால் அது வீட்டில் இருக்கும் சோதனைக்கூடமாகிவிடுகிறது. என்னுடையது இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்காள் மகளிடம் இருக்கிறது. அவள் ஐந்து முறை பிரித்துச் சேர்த்தபின், அவள் பார்க்காத நேரத்தில் ஒரு கேபிளைக் கழற்றிவிட்டு, கண்டுபிடிக்கச் சொன்னேன். சுவிட்சைப் போட்டு, காதை அருகில் வைத்துக் கேட்டுவிட்டு, ‘மாமா, விசிறி சுற்றுகிறது, பீப் வரவில்லை, ரேமாக இருக்காது’ என்றாள். பிறகு கைப்பேசி விளக்கை போர்டின் மேல் மூலைக்குக் கொண்டுபோனாள்.